நகரத்தின் வானொலியும் நமது காதுகளும்

புலம்பெயர்வு பற்றிய நமது எழுத்தில் ஐரோப்பாவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் இடம்பெற்ற அளவுக்கு மத்திய கிழக்கு இடம்பெறவில்லை. அங்கே போனவர்களை 'உழைக்கப் போனவர்கள்' என்று தனியாக ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆனால் 1983 யூலைக்கு முன்னரும் பின்னரும் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய பலருக்கு முதலாவது அந்நிய நகரம் குவைத்தாகவோ அபுதாபியாகவோ டுபாயாகவோதான் இருந்தது. அவர்களிற் சிலர் அங்கிருந்தே பிறகு ஐரோப்பாவுக்குப் போனார்கள். இராமநாதபுரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் போனவர்கள் அவர்களோடு ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். மட்டக்களப்பிலிருந்தும் மூதூரிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் போன பெண்கள் அந்நியர் வீட்டுக் குசினிகளில் வேலை செய்தார்கள்.

அந்த நகரங்களுக்கு வானொலி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. அரபு, ஆங்கிலம், உருது, இந்தி, பின்னர் மலையாளம் என்று அவை பேசின. தமிழ் மட்டும் வெகுகாலம் அங்கே இல்லை. குடியுரிமை உள்ளவர்கள் சிறுபான்மையாகவும் வெளியிலிருந்து வந்தவர்கள் பெரும்பான்மையாகவும் வாழ்ந்த நகரங்களில், நகரத்தின் வானொலி யாரைத் தனது நேயராகக் கணக்கெடுத்தது? இந்தக் கேள்வியோடு அந்த ஒலிபரப்புக்களின் வரலாற்றைப் பார்த்தால், நமது வரலாற்றில் எழுதப்படாத ஒரு பகுதியும் தெரியவரும்.

*

வளைகுடாவுக்கு வானொலி யுத்தத்தோடு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியும் இத்தாலியும் அரபு மொழியில் பிரசாரம் செய்தன. அதற்கு எதிராகப் பிரித்தானியர் 1940இல் பஹ்ரேனில் ஒரு நிலையத்தைத் தொடங்கினர்; போர் முடிந்த 1945இல் அதை மூடிவிட்டனர். 1953இல் கெய்ரோவிலிருந்து 'அரபுகளின் குரல்' என்ற ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. நாசரின் அரசியலை அது அரபு உலகத்தின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டுபோனது. தமது பாதுகாப்பிலிருந்த சிறு ஷேக்குகளின் கரையோரம் கெய்ரோவைக் கேட்பது பிரித்தானியருக்குத் தலையிடியாயிற்று. ஆகவே 1960களில் சார்ஜாவில், அவர்களுடைய அதிகாரிகள் நடத்திய படையின் முகாமிலிருந்து, 'கரையோரத்தின் குரல்' என்ற சிறிய நிலையம் பேசத் தொடங்கியது. பின்னாளில் ஐக்கிய அரபு அமீரகம் என்றான அந்த மண்ணில் ஒலித்த முதல் உள்ளூர்க் குரல்களில் அதுவும் ஒன்று. கெய்ரோவிலிருந்து வந்த குரலை மறைப்பதே அதன் வேலை.

தொலைக்காட்சியின் தொடக்கமும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. 1955இல் தஹ்ரான் விமானத்தளத்தில் அமெரிக்க விமானப்படை தனது ஆட்களுக்காக ஒரு நிலையத்தை நடத்தியது. 1957 செப்டெம்பரில் அரம்கோ எண்ணெய்க் கம்பனி தனது ஊழியருக்காக இன்னொன்றைத் தொடங்கியது. அரபு மொழியில் எழுத்தறிவுப் பாடங்கள் அதில் வந்தன. அமெரிக்கத் தொடர்கள் அரபுக் குரலோடு வந்தன. ஒரு கம்பனியின் தொலைக்காட்சி ஒரு மாகாணத்தின் தொலைக்காட்சியாக இருந்தது. 1998 டிசெம்பர் முடிவில்தான் அது நின்றது.

குவைத்தின் கதை சற்று வேறு. அங்கே வானொலி 1951 மே மாதத்தில் தொடங்கியது. 1961 யூன் 19இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஒரு வாரத்துக்குள் ஈராக்கின் அப்துல் கரீம் காசிம், குவைத் ஈராக்கின் பகுதியே என்று உரிமை கோரினார். அதே வருடம் நொவெம்பரில் குவைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை ஆரம்பித்தது. தான் ஒரு தனிநாடு என்பதை ஒவ்வொரு மாலையும் சொல்வதற்கு ஒரு வழி அதற்குக் கிடைத்தது. 1969இல் குவைத் தனது செலவிலேயே டுபாயிலும் ஒரு தொலைக்காட்சி நிலையத்தை நிறுவியது. அதே ஆண்டில் அபுதாபியின் வானொலியும் தொலைக்காட்சியும் தொடங்கின. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவானது 1971 டிசெம்பர் 2இல்தான். அதாவது நாட்டுக்கு முன்னரே தொலைக்காட்சி வந்துவிட்டது. ஓமானில் 1970 யூலை 23இல் சுல்தான் காபூஸ் தகப்பனை அகற்றி ஆட்சியைக் கைப்பற்றினார். அந்த மாதம் முடிவதற்குள் மஸ்கற்றிலிருந்து வானொலி பேசத் தொடங்கிவிட்டது.

இந்த நிலையங்கள் யாவற்றுக்கும் ஒரே தொனி உண்டு: இது ஓர் அரசு, இவர் அதன் தலைவர், இது அதன் கொடி. அயலிலுள்ள அரசுகளையும் தனது குடிகளையும் நோக்கி அவை பேசின. கட்டடம் கட்டுகிறவனும் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவனும் அந்த நேயர் கணக்கில் இருக்கவில்லை.

*

1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் இந்த நகரங்கள் வளர்ந்த வேகம் நாமறிந்ததே. இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்புவது ஒரு தொழிலாகியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கென ஒரு சட்டமே வந்தது. நகரத்தின் முகம் மாற, நிலையங்களும் கொஞ்சம் மாறின. கம்பனி அதிகாரிகளுக்காக ஆங்கில வானொலியும் ஆங்கிலத் தொலைக்காட்சியும் வந்தன. யாத்திரிகர்களை எண்ணிச் சவூதி வானொலி முன்பே உருதுவிலும் இந்தோனேசிய மொழியிலும் பேசிக்கொண்டிருந்தது. குவைத், அபுதாபி, கட்டார் வானொலிகளிலும் உருதுவுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. டுபாயின் ஆங்கில அலைவரிசையான 33இல் இந்திப் படம் போடுவார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அறை முழுவதும் ஆட்கள் குந்தியிருந்து அதைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்க மாட்டோம் என்று போராடிய மாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள் இந்தியைப் படித்துக்கொண்டது இப்படித்தான். எங்களுடைய ஆட்களும் அப்படியே. மேசன் வேலைக்கும் டாக்சிக்கும் சமையற்கட்டுக்கும் அது வேண்டியிருந்தது.

வளைகுடாவின் காற்றுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கோடையில் கடலுக்கு மேலே ஈரமான காற்றும் அதன்மேல் வறண்ட சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது தொலைக்காட்சி அலைகள் அந்த இடைவெளிக்குள் அகப்பட்டு, வழமையாகப் போகாத தூரத்துக்குப் போகும். மீன்முள் போன்ற அன்ரெனாவைக் கூரையில் திருப்பினால் பஹ்ரேனும் கட்டாரும் ஈரானும் தெரியும். உள்ளூர் நிலையம் என்று கட்டியவை உள்ளூரில் நிற்கவில்லை. ஒரு கடலைச் சுற்றியுள்ள நாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கடலின் எந்தக் கரையிலும் தமிழ் மட்டும் இல்லை.

ஆனாலும் எல்லாத் தமிழருக்கும் அந்த ஒலிபரப்பு ஒரேயளவில் அந்நியமாயிருந்தது என்று சொல்ல முடியாது. காத்தான்குடியிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ போன ஒருவருக்கு நகரத்தின் வானொலியில் ஐந்து நேரப் பாங்கும் தனது பாங்குதான். நோன்பு துறக்கும் நேரமும் பெருநாட் பிறை அறிவிப்பும் அவரை நோக்கியும் சொல்லப்பட்டன. மொழியால் வெளியே நின்ற அவர் நம்பிக்கையால் உள்ளே நின்றார். தமிழ் பேசுகிற எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வீட்டுப் பணிப்பெண்களின் நிலையோ வேறு. வாரத்தில் ஒருநாள்கூட வெளியே போக முடியாத அந்தப் பெண்களுக்குத் தமக்கென ஒரு வானொலிப் பெட்டி இருப்பதே அரிது. அந்த வீட்டார் பார்க்கிற எகிப்திய நாடகங்கள் மற்ற அறையிலிருந்து காதில் விழும். எசமானியின் ஏவல்களோடு அந்த நாடகங்களும் அவர்களுக்கு அரபு கற்பித்தன.

*

தமிழ் வெகுதூரத்திலிருந்து வந்தது. இலங்கை வானொலி வளர்த்துவிட்ட காதுகள் நம்முடையவை. 1950களில் அதன் வர்த்தக சேவை தொடங்கியபோது எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்காகப் பாக்குநீரிணையின் இரு பக்கமும் காத்திருந்தது. இந்திய அரசின் வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்த காலத்தில் இந்தியரின் செவிகள் கொழும்புக்குத் திரும்பின. அதன் விளைவாகவே 1957 ஒக்ரோபரில் அங்கே 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது. கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் மத்திய கிழக்குக்குப் போனது. எனவே அவர்கள் முதற் சம்பளத்தில் வாங்கிய பொருள்களில் வானொலியும் கசற்றும் சேர்ந்த பெட்டியும் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. 'நாஷனல் பனாசொனிக்' என்ற பெயர் நமது கிராமங்களுக்கு வந்தது அந்தப் பெட்டியோடுதான்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு உபயோகம். ஒன்று சிற்றலை. கொழும்பு, மணிலாவின் வேரித்தாஸ், லண்டன் என்று இரைச்சலுக்குள்ளே தேட வேண்டும். பி.பி.சி.யின் தமிழோசை ஊரில் இரவு ஒன்பதேகாலுக்கு. டுபாயில் அப்போது ஏழே முக்கால். குவைத்தில் ஆறே முக்கால். வேலை முடிந்து வந்து குளித்து, சோறு வடிக்கிற நேரம். இன்னொன்று கசற். கடிதம் எழுதத் தெரியாதவர்களும், எழுதி அலுத்தவர்களும் ஒலிநாடாவில் பேசி ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினார்கள். ஊரிலிருந்து பதில் கசற் வரும். அதில் தாயின் குரலுக்குப் பின்னால் கோழியும் பக்கத்து வீட்டுச் சண்டையும் கேட்கும். 1970களின் பிற்பகுதியில் கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய் கத்துப் பாட்டு' பரவியது இந்த வாழ்க்கையின் பின்னணியில்தான். கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் கடிதம் அந்தப் பாட்டு. நகரத்தின் வானொலி தராததை ஒவ்வொரு அறையும் தனக்குத்தானே ஒலிபரப்பிக்கொண்டது என்றும் சொல்லலாம்.

*

1990 ஓகஸ்ட் 2, வியாழக்கிழமை, விடியற்காலையில் ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. குவைத் வானொலி மறைவான இடமொன்றிலிருந்து சில மணிநேரம் உதவி கேட்டு அழைத்துக்கொண்டிருந்தது. அரபுகளே, எங்களுக்கு உதவுங்கள் என்பதே அந்த அழைப்பின் சாரம். பிறகு அது ஓய்ந்தது. நிலையங்கள் ஈராக்கின் கைக்குப் போய், அது ஏற்படுத்திய பொம்மை அரசாங்கத்தின் பெயரால் பேசின. அந்த மாத முடிவில் குவைத் ஈராக்கின் 19ஆவது மாகாணம் என்று அறிவிக்கப்பட்டது.

அப்போது குவைத்தில் ஏறத்தாழ 1,70,000 இந்தியரும் ஒரு லட்சம் அளவில் இலங்கையரும் இருந்தனர். நகரத்தின் வானொலி அவர்களுக்கு முன்னரும் எதையும் சொன்னதில்லை. இப்போது சொல்லவும் அதற்கு வாயில்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தத் தூதரகம் பதிவு செய்கிறது, ஜோர்தான் எல்லையில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அறியச் சிற்றலைதான் கைகொடுத்தது. பாலைவனத்தின் கூடார முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களிடையே செய்தி கேட்டவர் ஒருவர் இருந்தால் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். அம்மானிலிருந்து எயார் இந்தியா ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை 488 தடவை பறந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை மீட்டது. இலங்கையர் பலர் அதைவிட நீண்ட காலம் காத்திருந்தார்கள்.

அதே நாட்களில் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியிருந்தது. குவைத் வீழ்ந்த மறுநாள், ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. குவைத்திலே மகன் உயிரோடிருக்கிறானா என்று அறிய ஊரில் தாய் கேட்டதும், ஊரிலே தாய் உயிரோடிருக்கிறாளா என்று அறிய மகன் குவைத்தில் கேட்டதும் ஒரே ஒலிபரப்பைத்தான். இருவருக்கும் அரைமணி நேரம். அதில் எவ்வளவு நேரம் யாருடைய துயரத்துக்கு என்பதை லண்டனில் தீர்மானித்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே குறிக்க வேண்டும். சவூதி அரேபியாவின் தாயிப் நகரில் குவைத்தின் அரசாங்கம் அகதியாக இருந்தபோது, குவைத் வானொலி சவூதி மண்ணிலிருந்து மீண்டும் பேசியது. 1991 பெப்ரவரி முடிவு வரை, நகரத்தின் சொந்தக்காரர்களே தமது நகரத்தின் வானொலியை அந்நிய மண்ணிலிருந்து கேட்டார்கள். வாழ்கிற நகரத்தின் வானொலியில் தமது குரல் இல்லாமல், தூரத்திலிருந்து வருகிற இரைச்சலுக்குள் ஊரைத் தேடுவது எப்படியிருக்கும் என்பதை அந்த ஏழு மாதங்களில் அவர்கள் அறிந்திருப்பார்கள். அவர்களுடைய நகரத்தில் வேலை செய்தவர்களுக்கு அது வருடக்கணக்கான பழக்கம். விடுதலைக்குப் பின்னரும் அந்த அனுபவம் நகரத்தின் வானொலியை மற்றவர்களுக்குத் திறந்துவிடவில்லை.

*

அந்தக் கதவைப் பின்னர் சற்றுத் திறந்தது வர்த்தகம். 1992இல் ராஸ் அல் கைமாவிலிருந்து 'ரேடியோ ஏசியா' மலையாளத்தில் ஒலிக்கத் தொடங்கியது. மலையாளிகளிடம் தொகை இருந்தது. நகைக்கடை, பலசரக்குக் கடை, பணம் அனுப்பும் நிலையம், டிரவல்ஸ் என்று விளம்பரம் தரக்கூடிய வியாபாரமும் இருந்தது. தமிழர் மூன்று நான்கு திசைகளிலிருந்து வந்து, ஒருவரையொருவர் அதிகம் அறியாமல், வெவ்வேறு முகாம்களில் சிதறியிருந்தார்கள். அவர்களைச் சந்தையாகக்கூட யாரும் காணவில்லை. மலையாள நிலையங்கள் இடையிடையே தமிழ்ப் பாட்டுகளும் போட்டன. அதற்காகவே அவற்றைக் கேட்ட தமிழர் பலர். கேட்டுக் கேட்டு மலையாளமும் படித்துக்கொண்டார்கள். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் வட்டமான டிஷ் அன்ரெனாக்கள் வந்தன. நகரத்து நிலையங்களின் தயவு தேவையில்லாமற் போயிற்று. சென்னையிலிருந்து தமிழ் வீட்டுக்குள்ளேயே கொட்டியது. ஆனால் அதில் டுபாயின் மழை இல்லை, சார்ஜாவின் தீ விபத்து இல்லை, நேற்று இறந்த தொழிலாளியின் பெயர் இல்லை.

பண்பலையில் தமிழ் வந்தது மிகவும் பிந்தி. 2000களின் தொடக்கத்தில் அமீரகத்தில் தனியார் நிலையங்கள் பெருகியபோது இந்தியும் மலையாளமும் முன்னே போயின. 2010களில்தான் 89.4இல் ஒரு தமிழ் நிலையம் டுபாயில் ஒலித்தது, பின்னர் 106.5இல் 'கில்லி' வந்தது. வாகன நெரிசலையும் வீசாச் சட்ட மாற்றத்தையும் தமிழில் கேட்பது சிறிய விஷயமல்ல. டாக்சி ஓட்டுகிறவர் தனது நகரத்தைத் தனது மொழியில் முதன்முறையாகக் கேட்டார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிலையங்கள் பேசக்கூடியதற்கு எல்லை இருந்தது. 1980ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பல தசாப்தங்களாக அமீரகத்தில் அச்சுக்கும் வெளியீட்டுக்கும் வரம்பு கட்டிய சட்டம். அந்த வரம்பின் உணர்வு வானொலிகளிலும் இருந்தது. ஆட்சியாளர் இறந்தால் எல்லாப் பாட்டுகளும் நிற்கும். 2004 நொவெம்பரில் ஷேக் சாயித் மறைந்தபோது குர்ஆன் ஓதும் குரலே நகரமெங்கும் கேட்டது. சம்பளம் கிடைக்காத முகாமின் கதைக்கு அப்படி ஒரு நிறுத்தம் இருந்ததில்லை.

ஒஸ்லோவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோர்வேயில் 1980களில் உள்ளூர்ச் சமூகங்களுக்கென அயல் வானொலிகள் அனுமதிக்கப்பட்டன. வந்தேறு சமூகங்களும் அதில் நேரம் பெற்றன. 'தமிழ் முரசம்' அந்த வழியில் வந்தது. லண்டனில் 1997இல் ஐ.பி.சி. தொடங்கியது. இவற்றின் அரசியலோடு நாம் சண்டை பிடித்திருக்கிறோம். ஒருபக்கச் சார்பு என்று எழுதியிருக்கிறோம். சண்டை பிடிக்க ஒரு வானொலி நமக்கு இருந்தது என்பதை அப்போது நினைக்கவில்லை. அபுதாபியில் இருந்த தமிழருக்கு அதுவும் இல்லை.

ஒரு மொழி நகரத்தின் காற்றில் இல்லாதபோது அதன் காரியாலயங்களிலும் நீதிமன்றங்களிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. 2005இல் மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போன ரிசானா நபீக்குக்கு அப்போது வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். தனது பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்ததற்காக அவர் கொலைக் குற்றவாளியாக்கப்பட்டார். அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்பது அவ்வழக்கின் மீது எழுந்த முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று. 2013 ஜனவரி 9இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு வானொலி இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாத ஓர் ஒழுங்கில் அவர் பேசியதை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

*

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுவிட்டது. 1941இல் தொடங்கிய ஒரு குரல் 76 வருடங்களின் பின் ஓய்ந்தது. இன்று வளைகுடாவிலுள்ள ஒரு தொழிலாளிக்குக் கைத்தொலைபேசியே வானொலியும் கசற்றும் தொலைக்காட்சியும். ஊரின் முகத்தை அவர் ஒவ்வொரு இரவும் பார்க்கிறார். சிற்றலையைத் தேடித் திருப்பிய தலைமுறை முதுமையடைந்து ஊருக்கோ ரொறன்ரோவுக்கோ போய்விட்டது.

குவைத்தும் டுபாயும் தமது ஒலிபரப்பின் வரலாற்றை ஆண்டுவிழாக்களில் எடுத்துச் சொல்கின்றன. அந்த வரலாற்றில் நாம் இல்லை. அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் நமது குரலைத் தேடுவதிலும் பயனில்லை. நமது குரல் இருப்பது அந்தப் பழைய கசற்றுகளில். மட்டக்களப்பிலும் கீழக்கரையிலும் அலுமாரிகளின் அடித்தட்டில் அவை இன்னும் சில கிடக்கின்றன. நாடா ஒட்டிக்கொள்வதற்கு முன்னர், பேசியவர்கள் இருக்கும்போதே, அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம். மத்திய கிழக்குக்குப் போனவர்களின் நகர வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.